முதல் நாள் வலியோட வாந்தி, மயக்கம், அழுகை... எல்லாருக்கும் இப்படித்தானா?

வேலந்தாவளத்துப் பொண்ணு:

வணக்கம்ங்க. எனக்கு 19 வயசு. வீடு வேலந்தாவளம் பக்கத்துல, கேரளா எல்லைக்குள்ள. அப்பா கள்ளு வண்டி ஓட்டுறாங்க, அம்மா தக்காளிக் காட்டுக்கு வேலைக்குப் போறாங்க. நான் தினமும் உக்கடம் பஸ் ஏறி கோயமுத்தூர் போய் பி.காம். படிக்கிறேன். வீட்ல வாய் விட்டுக் கேக்க முடியாததை இங்க கேக்கறேன்.

எட்டாவது படிக்கறப்போ வயசுக்கு வந்தேன். முதல் ஒரு வருசம் வலின்னா என்னன்னே தெரியாது. நாள் தள்ளித் தள்ளி வரும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான், இன்னிக்கு வரைக்கும் விடல.

முந்தின நாள் ராத்திரியே ரெண்டு தொடையும் உளைய ஆரம்பிக்கும். விடியக்காலைல அடிவயித்தைப் பிடிச்சு ஈரத்துணியை முறுக்கிப் பிழியற மாதிரி வலி. இடுப்பு வரைக்கும் இழுக்கும். வயித்தால போகும், அடுத்தாப்ல வாந்தி. தண்ணி குடிச்சாலும் நிக்காது. கை கால் ஜில்லுன்னு ஆகி, வேர்த்து ஊத்தி, கண்ணு இருட்டும். ஒரு தடவை பரீட்சைக்குப் போயே ஆகணும்னு பஸ் ஏறினேன். கந்தேகவுண்டன்சாவடி தாண்டறதுக்குள்ள முடியாம இறங்கி ரோட்டோரமா உக்காந்துட்டேன். யாரோ ஒரு அக்கா கூட இருந்து சோடா வாங்கிக் குடுத்து திரும்ப பஸ் ஏத்தி விட்டாங்க. அந்தப் பரீட்சை போச்சு.

மூணாம் நாள் சாயங்காலம் ஆனா எல்லாம் போயிடும்.

உடம்பு வலி ஒரு பக்கம்னா மனசு இன்னொரு பக்கம். டேட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். தம்பி சோத்துத் தட்டை சத்தமா வெச்சாக்கூட அழுகை வருது. ராத்திரி தூக்கம் இல்ல. நான் எதுக்கு இருக்கேன்னு கூடத் தோணுது. ரத்தம் பட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல அந்த நெனப்பு போயிடுது. ஆனா அடுத்த மாசம் மறுபடி வரும்னு தெரிஞ்சே இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு.

அம்மா, கல்யாணம் ஆகி ஒரு புள்ள பெத்தா சரியாயிடும்ங்கறாங்க. ஆத்தா வெந்தயத்தை மோர்ல கலக்கித் தருவாங்க, அசோகாரிஷ்டமும் தருவாங்க. மாத்திரை போட்டா கர்ப்பப்பை கெட்டுப் போயிடும்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. அதனால தாங்கற வரைக்கும் தாங்கிட்டு, முடியாதப்போ மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரையை வெறும் வயித்துல போடுவேன். அது பாதி நாள் வாந்தியில வந்துடும். மாத்திரை உள்ள நின்னாலும் தலை கிர்ருன்னு சுத்துது, நாக்கு வறண்டு போகுது.

டாக்டர்கிட்ட போகலாம்னா, கல்யாணம் ஆகாத பொண்ணு அந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போறான்னு ஊர்ல பேசுவாங்களாம். அதைவிட எனக்கே ஒரு பயம் இருக்கு. உள்ள விட்டுப் பாப்பாங்களா?

இது சாதாரணமா, இல்ல எனக்கு வேற ஏதாவது நோயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோபாலபுரத்து அம்மா:

பாப்பா, நாங்க எல்லாரும் இந்த வலியோட கடலைக்காட்டுல களை எடுத்தவங்கதான். படுத்துக்கிட்டா வலி கூடத்தான் செய்யும். எழுந்து நாலு வேலை பாரு, உளுந்தங்களியில நல்லெண்ணெய் ஊத்திச் சாப்பிடு. சின்ன வயசுலயே மாத்திரைக்குப் பழகாதே. எங்க காலத்துல இதையெல்லாம் ஒரு நோயாவே நெனச்சதில்ல.

கொழிஞ்சாம்பாறை சிஸ்டர் (ஓய்வு):

கண்ணு, நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல பொது சுகாதார நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. நம்ம பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுக்கப் போறப்போ, கடைசி பெஞ்சுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு கெடக்கற புள்ளைங்களை நெறையப் பாத்திருக்கேன். உனக்குக் கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையாப் படி.

முதல்ல, நீ சொன்ன வாந்தி, வயித்தால போறது, தலைசுத்தல், தொடை உளைச்சல் எல்லாமே ஒரே எடத்துல இருந்து வர்றது. கருமுட்டை வெளிய வந்த மாசத்துல கர்ப்பம் நிக்கலைன்னா, புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரசரன்னு இறங்கும். அப்போ கர்ப்பப்பையோட உள்சுவர்ல புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு நெறையச் சுரக்கும். அதுதான் கர்ப்பப்பைத் தசையை இறுக்கி, பழைய சுவரை வெளிய தள்ள வைக்குது. அது ரொம்ப அதிகமாச் சுரக்கற பொண்ணுங்களுக்குத் தசை இறுகற இறுக்கத்துல ரத்த ஓட்டமே குறைஞ்சு போகும். அந்த வலியைத்தான் நீ விடியக்காலைல அனுபவிக்கறே. அதே சரக்கு ரத்தத்துல கலந்து குடலுக்குப் போனா குடலும் அதே மாதிரி இறுகும், வயித்தால போகும். குமட்டலும் தலைவலியும் அதோட சேந்ததுதான். நீ ஒண்ணும் கெட்டதைச் சாப்பிடல, கண்ணு பட்டும் வரல.

முதல் வருசம் வலி இல்லேன்னு சொன்னே பாரு, அது முக்கியமான விசயம். வயசுக்கு வந்த புதுசுல நெறையப் பேருக்கு முட்டை வெளிய வராமலே ரத்தம் போகும். முட்டை வர ஆரம்பிச்சப்புறம்தான் இந்த வலி தொடங்கும். பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள. ரத்தம் படறப்போ ஆரம்பிச்சு, முதல் நாள்ல உச்சத்துக்குப் போய், ரெண்டு மூணு நாள்ல அடங்கறது இதோட குணம். நீ சொன்ன கதை அப்படியே ஒத்துப் போகுது. நேர்ல பாக்காம நான் முடிவாச் சொல்ல மாட்டேன், ஆனா பயந்து நடுங்க வேண்டிய அடையாளம் எதையும் நீ எழுதல.

அடுத்தது மாத்திரை. இதைத்தான் நம்ம ஊர்ல எல்லாரும் தலைகீழாச் செய்யறாங்க. மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரொஃபன், நாப்ராக்ஸன் இதெல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகறதையே தடுக்கற மருந்து. ஏற்கெனவே சுரந்து உடம்பெல்லாம் பரவினதை அதால அழிக்க முடியாது. அதனால வலி உச்சத்துக்குப் போனப்புறம், அதுவும் வாந்திக்கு நடுவுல போட்டா பிரயோசனம் ரொம்பக் குறைவு. உனக்கு முந்தின ராத்திரியே தொடை உளையுதுன்னா உன் உடம்பே முன்கூட்டிச் சொல்லுது. அப்பவே சாப்பிட்டுட்டு முதல் மாத்திரை போடணும். அப்புறம் டாக்டர் எழுதின இடைவெளியில ரெண்டு மூணு நாள் விடாம, ஒவ்வொரு தடவையும் வயித்துல ஏதாவது சாப்பாடு இருக்கறப்போ போடணும். மாசத்துல அந்த ரெண்டு மூணு நாள் போடறதால கர்ப்பப்பை கெடாது. பின்னால குழந்தை பொறக்கறதுக்கும் தடை வராது. இதை அம்மாகிட்ட தைரியமாச் சொல்லு.

யார் போடக் கூடாதுன்னும் சொல்லிடறேன். வயித்துப் புண், கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா இருக்கறவங்க, இந்த வகை மாத்திரைக்கு ஏற்கெனவே தடிப்பு வந்தவங்க, கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காமத் தொடக் கூடாது. மெஃபெனாமிக் ஆசிட் பத்தி 2023 கடைசியில இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரிக்கை குடுத்துச்சு. அபூர்வமாச் சிலருக்கு, போட்டுச் சில வாரம் கழிச்சுக்கூட காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறி கட்டறதுன்னு வரும். அப்படி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி போகணும்.

உனக்குத் தலை சுத்தி நாக்கு வறளுதுன்னா மாத்திரை அட்டையோட பின்பக்கம் பாரு. டைசைக்ளோமின்னு இன்னொரு மருந்து சேந்திருக்கும். பீரியட்ஸ் வலின்னு கேட்டா மெடிக்கல்ல பெரும்பாலும் அந்தக் கலப்பு மாத்திரையைத்தான் எடுத்துக் குடுப்பாங்க. வறட்சியும் கிறுகிறுப்பும் அதோட வேலை. பஸ்ல போற பொண்ணுக்கு அது வேண்டாம், தனி வலி மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேளு.

ஆத்தாவோட வெந்தயத்துக்கு நான் எதிரி இல்ல, குடி. ஆனா அரிஷ்டம் எல்லாமே புளிச்சு எறங்கறது, அதுல கொஞ்சம் சாராயச் சத்து தானா உண்டாகியிருக்கும். வெறும் வயித்துல, வலி மாத்திரையோட சேத்துக் குடிக்காதே. வயிறு எரியும். சுடுதண்ணிப் பையை அடிவயித்துல வெச்சுப் படு, அது நெசமாவே வேலை செய்யும். ஆராய்ச்சியில வலி மாத்திரைக்குப் பக்கத்துல நின்ன வைத்தியம் அது. மத்த நாள்ல வாரத்துக்கு மூணு தடவையாவது முக்கால் மணி நேரம் வேகமா நட. மாசக்கணக்குல விடாமச் செஞ்சா வலியோட அளவு குறையும். வாந்தி நிக்காத அன்னிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக் குடி. கண்ணு இருட்டினா உடனே படுத்துக் காலைத் தூக்கி வெச்சுக்கோ, நின்னுக்கிட்டே சமாளிக்கப் பாக்காதே.

கோபாலபுரத்து அம்மா, நீங்க வலியோட களை எடுத்தது பொய்யில்லீங்க. என் அம்மாவும் அப்படித்தான் நாத்து நட்டாங்க. அவங்களுக்குக் கையில வேற ஒண்ணும் இல்ல. இந்தப் புள்ளைக்கு இருக்கு. நல்லெண்ணெய் ஊத்தின உளுந்தங்களியை நான் எப்பவும் ஆதரிப்பேன், அது தெம்புக்கு. கல்யாணம் ஆனாச் சரியாயிடும்ங்கறதை மட்டும் வைத்தியமாச் சொல்லாதீங்க. புள்ள பெத்தப்புறம் சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. ஒரு வலிக்காக 19 வயசுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க முடியுமா?

இனி மனசு. நீ எழுதினதுல என்னை நிறுத்தி வெச்சது அந்த வரிதான் கண்ணு, ‘நான் எதுக்கு இருக்கேன்’னு. வலி நாள்ல வர்ற பயமும் அழுகையும் ஒண்ணு. ஒரு வாரம் முன்னாடியே வந்து, ரத்தம் பட்டதும் விலகிப் போறது வேற ஒண்ணு. மாதவிடாய்க்கு முந்தின எரிச்சலும் வாட்டமும் நெறையப் பொண்ணுங்களுக்கு லேசா வரும். ஆனா சிலருக்கு வாழறதே வேண்டாம்ங்கற அளவுக்கு அது இறங்கும். அதைத் தனி நோயாவே 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்னோட நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு. அதுக்கு மருந்து இருக்கு, நல்லா கேக்கவும் செய்யும். உனக்கு அதுதான்னு நான் சொல்லல. அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, ரெண்டு மாசம் தெனமும் ராத்திரி ஒரு நோட்டுல எழுதறது. இன்னிக்குத் தூக்கம் எப்படி, கோவம் எப்படி, அழுகை வந்துச்சா, வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை பேட் மாத்தினேன். டாக்டர் முதல்ல கேக்கறதே அதைத்தான்.

அந்த நெனப்பு ராத்திரி வந்து விடாமப் பிடிச்சா, விடியட்டும்னு காத்திருக்காதே. 14416-க்கு அடி. அது டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண், மத்திய அரசு 2022-ல் ஆரம்பிச்சது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். கேரளா சிம்முல இருந்து திசாங்கற கேரள அரசு உதவி எண் 1056-க்கும் அடிக்கலாம். அம்மாவை எழுப்பிச் சொல்றதுலயும் ஒரு கூச்சமும் வேண்டாம்.

மூணாறு, லயத்துல இருந்து:

சிஸ்டர் எழுதினதை என் மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கற வேலை. சரிவுல நின்னுக்கிட்டு முதுகுல பையோட அந்த மூணு நாளைத் தள்ளறது எப்படின்னு வேற யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. காட்டுல கக்கூஸ் கிடையாது, பேட் மாத்தணும்னா செடி மறைவு பாக்கணும், அட்டைப்பூச்சிக்கும் பயப்படணும். 2015-ல் போனசுக்காகப் பொம்பளைங்க எல்லாரும் மூணாறு ரோட்டுல நாள் கணக்கா உக்காந்தோம், ஊரே திரும்பிப் பாத்துச்சு. அப்பக்கூட இந்த வலியைப் பத்தி நாங்க பேசல. இப்ப நம்ம பொண்ணுங்க எழுதறதைப் பாக்கறப்போ மனசுக்கு ஆறுதலா இருக்கு.

என் மகளுக்கு வலி கம்மி, ஆனா ரத்தம் அதிகம். ஏழெட்டு நாள் நிக்காது, கட்டி கட்டியா வரும். மொகம் வெளுத்துப் போயிருக்கா, ஏத்தம் ஏறினா மூச்சு வாங்கறா. அதுக்கும் இதே மாத்திரையா?

கொழிஞ்சாம்பாறை சிஸ்டர் (ஓய்வு):

அவளை இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையுது, ஏழு நாளுக்கு மேல போகுது, பெரிய கட்டியா விழுதுன்னா அது அதிகப் போக்கு. முதல்ல ஹீமோகுளோபின், தைராய்டு பாக்கணும். சின்ன வயசுலயே இப்படின்னா, ரத்தம் உறையறதுல பிறவிக் குறை இருக்கான்னும் டாக்டர் பாப்பாங்க. பல்லு பிடுங்கினப்போ ரத்தம் நிக்கலையா, லேசா இடிச்சாலே நீலம் பாயுதா, வீட்ல வேற யாருக்காவது இப்படி உண்டாங்கறதை நெனப்பு வெச்சுச் சொல்லுங்க. போக்கைக் குறைக்கத் தனி மருந்து இருக்கு. நம்ம நாட்டுல 15-49 வயசுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்லுது. மூச்சு வாங்கறதைக் குளிர்னோ சோம்பல்னோ தள்ளி விடாதீங்க. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட மட்டும் குடுக்காதீங்க, சத்து உடம்புல ஒட்டாது.

நகரி அக்கா:

நான் ஆந்திரா பக்கம், நகரி. வீட்ல பவர்லூம். என் தங்கச்சி விசயத்தைச் சொல்லணும்னு தோணுது, ஏன்னா அவளோடது வேற மாதிரி இருந்துச்சு.

அவளுக்கு ரத்தம் படறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே வலி வந்துடும், நின்னப்புறமும் போகாது. அந்த நாள்ல வெளிக்குப் போறப்போ ஆசனவாய்ல குத்தற மாதிரி வலிக்கும். மாத்திரையைச் சரியான நேரத்துக்குப் போட்டும் கேக்கல. வருசா வருசம் கூடிக்கிட்டே போச்சு. காட்டின ஒரு எடத்துல, பொண்ணு படிக்கப் பிடிக்காம நடிக்கறான்னு எங்கம்மாகிட்டயே சொன்னாங்க. அவ அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. அந்தச் சொல்லால அவ பல வருசம் வாயே திறக்கல.

கடைசியா வேற ஒரு டாக்டரம்மா ஸ்கேன்ல முட்டைப்பையில சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கின கட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சுவர் மாதிரியான சதை வெளிய வளர்றது. உலகத்துல குழந்தை பெறக்கூடிய வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமாரா பத்துல ஒருத்திக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அவளுக்கு டையனோஜெஸ்ட்னு தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. இப்போ வேலைக்குப் போறா, சிரிக்கறா.

தங்கச்சி, சிஸ்டர் சொன்ன மாதிரி சரியான நேரத்துக்கு, சாப்பிட்டுட்டு மூணு மாசம் போட்டுப் பாரு. அப்பவும் கேக்கலைன்னா, இல்ல வலி நாளுக்கு வெளியவும் வர ஆரம்பிச்சா, ஒரு எடத்துல ஒண்ணுமில்லேன்னு சொன்னாங்கன்னு விட்டுடாதே. சாதாரண ஸ்கேன்ல எண்டோமெட்ரியோசிஸ் தெரியாமலும் போகும். இன்னொரு டாக்டரைப் பாரு.

வேலந்தாவளத்துப் பொண்ணு:

சிஸ்டர், நகரி அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், நானே முழுசும் வாசிச்சுக் காட்டினேன். நான் எதுக்கு இருக்கேன்னு எழுதின எடத்துல என்னைத் தாண்டிப் போக விடல. திரும்பத் திரும்ப அதையே கேட்டாங்க. அப்புறம், இதை ஏன் சாமி எங்கிட்டச் சொல்லலைன்னாங்க. சனிக்கிழமை கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

அட்டையைப் பாத்தேன், சிஸ்டர் சொன்ன டைசைக்ளோமின் இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. உள்ள விட்டுப் பாக்கறதைப் பத்திச் சொல்லலையே. அப்புறம், சித்தூர் காலேஜ்ல படிக்கற என் பிரெண்டுக்கு பீரியட்ஸுக்காக அட்டெண்டன்ஸ்ல சலுகை இருக்காம். எனக்கும் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை சிஸ்டர் (ஓய்வு):

உங்கம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு வயித்து மேல வெச்சுத்தான் ஸ்கேன் எடுப்பாங்க. நெறையத் தண்ணி குடிச்சு, மூத்திரத்தை அடக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான் சங்கடம். உன்னோடது மாதிரி கதைக்குப் பெரும்பாலும் உள் பரிசோதனை இல்லாமலே மருந்து எழுதிடுவாங்க. யாராவது செய்யணும்னு சொன்னா எதுக்குன்னு கேளு. உன் சம்மதம் இல்லாமத் தொட யாருக்கும் உரிமை இல்ல. பொம்பளை டாக்டர் வேணும்னும், அம்மா கூட நிக்கட்டும்னும் கேக்கலாம். அம்மாவை வெளிய உக்காரச் சொன்னா அவங்க ஒத்துக்க வேண்டியதில்ல.

நேரா பொம்பளைங்க நோய் பாக்கற கைனக் டாக்டர்கிட்ட போகக் கூச்சமா இருந்தா முதல்ல உங்க பஞ்சாயத்து குடும்பாரோக்கிய கேந்திரத்துக்கு, அதாவது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. ஓ.பி. சீட்டுல என்னன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, காய்ச்சல்காரங்களோட நீயும் ஒருத்தி. தேவைப்பட்டா அவங்களே சித்தூர் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்க. டாக்டர் மலையாளத்துல கேட்டாலும் நீ தமிழ்லயே சொல்லு, நம்ம தாலுக்காவுல வேலை பாக்கறவங்களுக்குப் புரியும். ஒரு வார்த்தையும் முழுங்காதே. வயித்தால போறதையும், ராத்திரி வர்ற அந்த நெனப்பையும் சேத்தே சொல்லணும். வாயில வரலைன்னா இங்க எழுதினதை அப்படியே போன்ல காட்டு.

அட்டெண்டன்ஸ் விசயம்: கேரளாவுல 2023 ஜனவரியில பல்கலைக்கழகங்கள்ல படிக்கற பொண்ணுங்களுக்கு 75-க்குப் பதிலா 73 சதவீதம் போதும்னு ஆக்கினாங்க. 2024 நவம்பர்ல ஐடிஐ படிக்கற பொண்ணுங்களுக்கு மாசம் ரெண்டு நாள் லீவும் அறிவிச்சாங்க. காலேஜ்ல படிக்கற உன் பிரெண்டுக்குக் கிடைக்கறது அந்த 73 சதவீதச் சலுகைதான். நீ எல்லை தாண்டிப் படிக்கறதால அது உனக்குச் செல்லாது. டாக்டரைப் பாக்கறப்போவே மாசாமாசம் வர்ற வலின்னு தெளிவா எழுதி ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கோ. அதோட உங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு மேடத்தைப் பாத்து முன்கூட்டியே சொல்லி வை. பரீட்சை போனப்புறம் சொல்றதைவிட அதுக்கு மதிப்பு அதிகம்.

நோட்டை இன்னிக்கு ராத்திரியே ஆரம்பி. சனிக்கிழமை மாத்திரை அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போ. டாக்டர் என்ன எழுதினாங்கன்னு வந்து சொல்லு, புரியாத பேரு இருந்தா நான் விளக்கறேன்.